ரேவதி தேர்ந்தெடுத்த கார்டு

9 அக்டோபர் 2004, சனி. புனே.

தீபாவளிக்கு முன் ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் வாங்க வேண்டும். எந்த கிரெடிட் கார்டில் வாங்கலாம் என்று மருமகள் ரேவதி என்னைக் கேட்டாள். இரண்டு வங்கிகளின் தாள்களையும் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். ஒன்று பணத்தில் கொஞ்சம் திருப்பித் தருகிறது. மற்றது விமான டிக்கெட்டுக்கான பாயிண்ட் தருகிறது. அதற்கு ஆண்டுக் கட்டணமும் உண்டு. முதல் கார்டுதான் சரி என்று பென்சிலால் குறித்துக் கொடுத்தேன். சாயங்காலம் பார்த்தால் இரண்டாவதற்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறாள்.

"கணக்குத் தெரியாதா உனக்கு?"

"தெரியும் அத்தை. மெட்ராசுக்கு ஃப்ளைட் டிக்கெட் எடுத்துத் தரோம்னா வேணாங்கறீங்க. ரயில்ல போக முட்டி விடாது. கமலா சித்தியோ போன் பண்ணினாலே அழறாங்க. இது எங்க காசில்லையே, பாயிண்ட்தானே? இதுக்கும் ரோஷமா?"

பேப்பருக்குப் பின்னால் என் மகன் சிரித்தான். அப்படியே அவன் அப்பாவின் சிரிப்பு.

அவர் போனபின், யார் காசிலும் பயணம் போவதில்லை என்று இருந்துவிட்டேன். அந்த விதியில் இருந்த ஓட்டையை இந்தப் பெண் கண்டுபிடித்துவிட்டாள். எழுந்து என் அறைக்கு வந்துவிட்டேன். கோபம் என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.

தங்கை கமலாவைப் பார்த்து மூன்று வருடமாகிறது. இப்போது அவளுக்குக் கண் வேறு சரியாகத் தெரிவதில்லை.

இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் ஆடம்பரம் என்று போன வாரம் தடுத்தவள் நான்தான். நாளை அதையே எடுக்கச் சொல்ல வேண்டும். பாயிண்ட் கூடும். சின்னதில் காய்கறிக்கு இடம் போதாது என்று சொல்லிக்கொள்ளலாம்.