தண்ணி புகாத மணிக்கட்டு

ஜூன் 3, செவ்வாய். காலையில மழை, அப்புறம் சுள்ளுன்னு வெயில்.

பிரிக்ஃபீல்ட்ஸ் கிளினிக்குக்குப் போனோம், நானும் இவரும். கிள்ளான்ல காரைப் போட்டுட்டு கொமுட்டர் ரயில். புது மணிக்கட்டு மாட்டியாச்சு. பழசு மாதிரி இல்ல. வலது செயற்கைக் கைக்கும் முன்கைக் கூட்டுக்கும் நடுவுல ஒரு வளையம், அதுல கறுப்பா ஒரு ரப்பர் ரிங். அதுதான் தண்ணியைத் தடுக்குமாம். பிளாஸ்கு மூடியில இருக்குமே, அவ்வளவுதான் தடிமன்.

மாட்டிவிட்டவர் இர்ஃபான். திருச்சிக்காரர், வேலை பெர்மிட்ல வந்தவர். அவர் சொன்னது, மறக்குறதுக்குள்ள:
– ராத்திரி கழட்டணும். கையை முழுசா திருப்பி, 'டிக்'னு கேட்டதும் இழுக்கணும்
– ரிங்கைத் தொடைக்கணும். முடி, தூசி ஆகாது
– குட்டி டியூப் கிரீஸ், கடுகளவு. வேற எதையும் தடவக் கூடாது
– தண்ணி ஊத்தலாம், ஊற வைக்கக் கூடாது
– தினம் சார்ஜ் (இது பழைய பாட்டு)

"எதுக்குக்கா தண்ணி பத்தி இவ்ளோ கேக்குறீங்க, பாத்திரம் கழுவவா?"ன்னாரு. பொண்ணு துர்காவுக்குக் கல்யாணம்னேன். தாரை வார்க்கும்போது அப்பா பொண்ணு கையைப் பிடிச்சுக் குடுப்பாரு, அந்தக் கைங்க மேல அம்மா தண்ணி ஊத்தணும், வலது கையால. புரிஞ்சுதோ என்னமோ, தலையாட்டினாரு. "ஊத்திரலாம்க்கா."

கல்யாணம் 22. ஊத்தாம விட மாட்டேன்.

5, வியாழன். புழுக்கம்.

சிங்க்ல ஒத்திகை. செம்புல தண்ணி, வலது கையில பிடிச்சு, மெதுவா சாய்ச்சேன். நல்லாத்தான் ஊத்துச்சு. திடீர்னு கை தானா திறந்துச்சு, மூடுச்சு, திறந்துச்சு. செம்பு சிங்க்ல டமார். நான் ஒண்ணும் செய்யல. முன்கையில மேல் சதையை இறுக்கினா திறக்கும், கீழ் சதையை இறுக்கினா மூடும், அதுதான் கணக்கு. நான் எதையும் இறுக்கல.

கழட்டிப் பார்த்தா வளையத்துக்குள்ள ஈரம்.

புது ரிங்தானே? எப்படி?

இடது கையால எழுதி எழுதி விரல் வலிக்குது. மிச்சம் நாளைக்கு.

7, சனி.

மறந்தது: கறிவேப்பிலைச் செடிக்கு உரம். பூக்காரிக்கு போன்.

மேருவுலேருந்து அண்ணி வந்தாங்க, இவரோட அக்கா. தன்னோட வெள்ளிச் செம்பையும் கொண்டு வந்திருந்தாங்க, கல்யாணத்துக்கு. சரி, நல்ல மனசுன்னு நெனச்சேன். டீ குடிச்சிட்டு சொல்றாங்க, "நான் ஊத்துறேன் லா மல்லிகா. நீ பக்கத்துல நின்னா போதும். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

இப்ப யாரு என்ன சொன்னா?

உதவிக்கு வந்தாங்களா, என் இடத்துக்கு வந்தாங்களா, தெரியல. ரெண்டும் இருக்கும். காப்பார் ரோட்டுல லோரி இடிச்சு, கை போயி நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, துர்காவுக்கு மூணு வேளையும் சமைச்சுப் போட்டவங்களும் இவங்கதான். கோபப்படவும் முடியல. அதுவே கோபமா வருது.

சாயங்காலம் துர்காகிட்ட சொன்னேன். போனைப் பார்த்துக்கிட்டே, "யாரு ஊத்தினா என்னம்மா, தண்ணிதானே"ன்னா. என் மனசு நோகக் கூடாதுன்னு சொன்னாளா, நெஜமாவே அவளுக்கு ஒண்ணும் இல்லியா? கேக்கலாம்னு வாயைத் திறந்தேன். அதுக்குள்ள ஜொகூர்லேருந்து மாப்பிள்ளை போன்.

10, செவ்வாய்.

மறுபடி பிரிக்ஃபீல்ட்ஸ். இர்ஃபான் ரிங்கை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தாரு. உப்பியிருக்காம். உப்பினா பள்ளத்துல உக்காராது, நசுங்கி ஓரத்துல கிழியும். கிழிஞ்சுதான் இருந்துச்சு, நகக்கீறல் அளவு.

"ஏதாச்சும் எண்ணெய் தடவுனீங்களாக்கா?"
"இல்ல."
"நல்லா யோசிச்சுப் பாருங்க."
"நான் என்ன பொய்யா சொல்றேன்?"

கொஞ்சம் அதிகமாவே பேசிட்டேன். பாவம், சிரிச்சுக்கிட்டே புது ரிங் போட்டுக் குடுத்தாரு, கூட ரெண்டு ஸ்பேர். நான் கிரீஸ் மட்டும்தான் வைக்கிறேன், கடுகளவு, தொட்டுப் பார்த்து. அப்ப யாரு? சமையக்கட்டு ஆவியா? ரிங்தான் மட்டமான சரக்கா? இல்ல, தலையில அடிபட்டதுல எனக்கே ஞாபகம் தப்புதா? இந்தக் கடைசி யோசனையை யார்கிட்டயும் சொல்லல.

சாப்பாடு: அங்கேயே வாழையிலை. இவர் ரெண்டு தடவை ரசம் வாங்கினாரு.

12, வியாழன். வெயில்.

குருக்களுக்கு போன். பிளாஸ்டிக் கையால தாரை வார்க்கலாமான்னு நேராவே கேட்டுட்டேன். பஞ்சாங்கத்தைப் புரட்டுற சத்தம். அப்புறம், "சாஸ்திரத்துல இதைப் பத்தி ஒண்ணும் சொல்லலம்மா. சொல்லாததால ஆகும்னும் இல்ல, ஆகாதுன்னும் இல்ல."

அப்ப எப்படி சாமி?

"உங்க சௌகரியம்."

நல்லா இருக்கு. என் சௌகரியம் எதுன்னு எனக்குத் தெரிஞ்சா ஏன் அவருக்கு போன் பண்றேன்? இடது கை சொந்தக் கை, ஆனா ஆகாது. வலது கை ஆகும், ஆனா சொந்தம் இல்ல. மண்டை காயுது.

14, சனி.

மறுபடி தண்ணி. மறுபடி ஆட்டம். புது ரிங்கும் உப்பிடுச்சு. இன்னிக்கு அழுதேன். சிங்க்கைப் பிடிச்சுக்கிட்டு, குழாயைத் திறந்து விட்டு, கேக்கக் கூடாதுன்னு.

அண்ணியே ஊத்தட்டும்னு முடிவு. எழுதிட்டேன், முடிஞ்சுது.

15, ஞாயிறு. விடியக்காலை மழை.

முடியல.

குளிச்சிட்டு வந்தா, இவர் மேசைகிட்ட செயற்கைக் கையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. பக்கத்துல சாமி விளக்குக்கு ஊத்துற தேங்காய் எண்ணெய் போத்தல். கோழி இறகால ரிங்கைச் சுத்தி அழகா தடவிக்கிட்டு இருக்காரு.

என்னங்க பண்றீங்கன்னேன்.

கேட்டுக்கும் எண்ணெய், காத்தாடிக்கும் எண்ணெய், கதவுக் கீலுக்கும் எண்ணெய், இவருக்கு அதுதான் வேலை. ரிட்டையர் ஆனதுலேருந்து வீட்ல ஒரு சாமான் கிறீச்னு சத்தம் போட முடியாது. இதுக்கும் தினம் காலையில, நான் குளிக்கப் போற நேரமாப் பார்த்து, இதே சேவை.

"காஞ்சு கெடந்துச்சு மல்லிகா. கடுகளவு வச்சா எப்படிக் காணும்? உன் கையாச்சேன்னுதான்."

என் கைன்னு இந்த வீட்ல முதல்ல சொன்ன ஆளு இவர். நானே சொன்னதில்ல, அதுன்னுதான் சொல்வேன். ஆனா ரெண்டு ரிங்கை நாசம் பண்ண ஆளும் இவர்தான். சிரிக்கிறதா அடிக்கிறதா?

எண்ணெய் போத்தலைப் பிடுங்கி சாமி மேசைக்கு அடியில வச்சேன். துணியால வழிச்சுத் தொடைச்சிட்டு ஸ்பேர் ரிங். டியூப் கிரீஸ். இனி இந்தக் கையை யாரும் தொடப்படாதுன்னு சட்டம்.

இர்ஃபானுக்கு மெசேஜ்: மன்னிச்சுக்குங்க, எண்ணெய்தான். பதிலுக்குச் சிரிக்கிற மூஞ்சி.

17, செவ்வாய்.

ஒத்திகை. அண்ணியோட வெள்ளிச் செம்பு. ஒரு தடவை, இன்னொரு தடவை, இன்னும். கழட்டிப் பார்த்தேன், உள்ள காஞ்ச துணி மாதிரி. மிச்சமிருந்த ஸ்பேரைத் தொடவே வேண்டியதில்ல.

அண்ணிக்கு போன் பண்ணி நானே ஊத்துறேன்னேன். "சரி லா"ன்னாங்க. குரல்ல வருத்தமா நிம்மதியா, கண்டுபிடிக்க முடியல. செம்பு மட்டும் பத்திரம்னாங்க.

20, வெள்ளி. கூட்டம்.

வீடு நிறைய ஆளு. பாய் பத்தல. துர்காவுக்கு மருதாணி, எனக்கு இடது கைக்கு மட்டும். வலது கைக்கு வளையல் போடலாமா? ரிங் வளையத்துல இடிக்குமே. வேணாம்.

துர்கா பக்கத்துல வந்து படுத்தா, மருதாணிக் கையைத் தூக்கி வச்சுக்கிட்டு. கேக்க நெனச்சதைக் கேக்கல.

சார்ஜ் போட பிளக் ஒண்ணுகூட காலி இல்ல, எங்க பார்த்தாலும் போன். நாளைக்கு.

22, ஞாயிறு.

கல்யாணம் முடிஞ்சுது. ஒழுங்கா எழுத வரல. வந்த வரைக்கும்.

இவர் துர்கா கையைப் பிடிச்சாரு. தேங்காய், வெத்தலை. இவர் கை நடுங்குது, என்னோடது நடுங்காது, அதுக்குத் தெரியாது. ஊத்தினேன். நல்லா, கயிறு மாதிரி விழுந்துச்சு. மேளம். எவ்வளவு நேரம்னு தெரியல. கனம் தெரியாத கை, தண்ணி தீந்துபோச்சுன்னு நான் உணரல, வெறும் செம்பைச் சாய்ச்சுக்கிட்டே நிக்கிறேன். துர்காதான் தலையைத் தூக்காம சொன்னா, "போதும்மா. தண்ணி எல்லாம் வந்திருச்சு."

செம்பைக் கீழ வைங்கன்னாரு குருக்கள். சதையை இறுக்கினேன். திறக்கல. இன்னும் இறுக்கினேன். இல்ல. போச்சு, தண்ணி பூந்திருச்சுன்னு நெனச்சேன்.

தாலி கட்டும்போது செம்போட நின்னேன். இடது கையால அட்சதை. போட்டோ எல்லாத்துலயும் செம்பு. "கொண்டா, நான் வச்சிருக்கேன்"னு அண்ணி இழுத்துப் பார்த்தாங்க, வரல. ரெண்டு பேரும் சிரிச்சுட்டோம், மேடையிலேயே.

மணமகள் ரூம்ல போயி கையைத் திருப்பி, 'டிக்', செம்போட சேர்த்துக் கழட்டினேன். ரிங்கைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்ல.

அப்புறம்தான் உறைச்சுது. சார்ஜ். வெள்ளியும் போடல, சனியும் போடல. பேட்டரி தீந்தா பிடிச்சதைப் பிடிச்சபடியே நிக்கும், இது. தண்ணி தண்ணின்னு அலைஞ்சு இதைக் கோட்டை விட்டிருக்கேன்.

சாயங்காலம் துர்கா ஜொகூருக்குக் கெளம்பினா. கார்ல ஏறும்போது காதுல, "நீ ஊத்தணும்னுதான்மா இருந்தேன். சொன்னா நீ பயந்துருவியோன்னு சொல்லல."

இதை முன்னாடியே சொல்லக் கூடாதா, கழுதை.

23, திங்கள். மந்தாரம்.

எல்லாரும் போயாச்சு. துணி துவைக்கல. சாம்பார் மிச்சம் இருக்கு, மதியத்துக்கு அது போதும்.

கை சாப்பாட்டு மேசை மேல நிக்குது, செம்பைப் பிடிச்சுக்கிட்டு. காலையில அண்ணி போன், செம்பு எங்கன்னு. வரும்னேன்.

இவர் சார்ஜரைத் தேடி எடுத்துக்கிட்டு வந்து நின்னாரு. "கூட்டுல மாட்டி சார்ஜ் போட்டா தொறந்துக்கும். போடவா?"

இன்னிக்கு வேணாம்னேன்.

ஏன்னு கேட்டாரு. தெரியலங்கன்னேன். வயரைச் சுத்தி வச்சிட்டு எதிர்ல உக்காந்துட்டாரு.

வீட்ல எல்லா பிளக்கும் காலியாத்தான் கெடக்கு.