விளக்கணைத்த கொடிக்கம்பம்

இத்தனை நாள் பேசாமல் இருந்தது போதும். இன்று காலை நம் நகரின் கொடிக்கம்பத்தில் கரண்ட் இருக்கிறதா என்று டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். பிடிக்குள் இருக்கும் குட்டி விளக்கு சிவப்பாக எரிந்தது. கம்பத்தில் மாட்டிய விளக்குகள் எரியவில்லை. சுவிட்ச் அணைத்துத்தான் இருந்தது. நீ போன அன்று மாலையும் அது அணைத்துத்தான் இருந்தது.

மழையில் கொடிமேடை ஊறி, ஈரச் சிமெண்டும் துருவும் கலந்து ஒரு வாசனை வந்தது. போன கார்த்திகையில் உன்னைத் தூக்கியபோது உன் சட்டையில் இருந்த அதே வாசனை. அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். இறந்தவர்களைப் பற்றி நயமாகப் பேச வேண்டும் என்பார்கள். எனக்கு அது வராது. நீ இருந்தபோதே உன்னிடம் வரவில்லை.

கல்லூரியில் நாம் ஒரே பெஞ்சு. நான் இயற்பியல் வாத்தியார் ஆனேன், நீ கலெக்டர் ஆபீஸில் சேர்ந்தாய். வேங்கிக்காலைத் தாண்டி இந்த நகரில் இருவருமாகத்தான் மனை பார்த்தோம். அண்ணாமலை முழுதாகத் தெரியும் மூலை மனையைக் காட்டி, அது எனக்கு என்று நான்தான் முதலில் சொன்னேன். சில நாளில் அது உன் பெயரில் பதிவாகியிருந்தது. "நீ பொழுதுக்கும் காலேஜுலயே கெடக்கிற. மலைய நான் பாத்து உனக்குச் சொல்றேன்டா" என்று சிரித்தாய். என் மாடியிலிருந்து தெரிவதெல்லாம் தண்ணீர்த் தொட்டியும் கொடிக்கம்பமும்தான். இதை நான் மறக்கவில்லை. மறக்கும் உத்தேசமும் இல்லை.

தேசியக் கொடி இரவிலும் பறக்கலாம், ஆனால் வெளிச்சத்தில்தான் பறக்க வேண்டும் என்று எங்கோ கேட்டுவிட்டு வந்தாய். தினமும் மாலையில் இறக்கி மடித்துவைக்க ஆள் கிடைக்காத குடியிருப்போர் சங்கத்துக்கு அது வசதியாகவும் இருந்தது. நீ செயலாளர். விளக்கு தேர்ந்தெடுக்க என்னையும் தேரடி வீதிக் கடைக்கு அழைத்துப்போனாய். கம்பத்தைச் சுற்றித் தரையில் மூன்று விளக்குகள், பன்னிரண்டு வோல்ட்டில் எரிகிற மாதிரி வாங்கி, மேல்நோக்கிச் சாய்த்து வைக்கலாம் என்றேன். கொடி மட்டும் வெளிச்சமாகும். யார் வீட்டு ஜன்னலிலும் அடிக்காது. தெரியாமல் தொட்டாலும் ஆபத்தில்லை.

"கீழ வெச்சா நாய் வந்து காலத் தூக்கும்டா."

"அப்ப சோலார் போடு. கம்பத்து உச்சியில தொப்பி மாதிரி மாட்டிடலாம். கீழேர்ந்து ஒயரே வேணாம்."

"கார்த்திக மாசம் நம்மூர்ல சூரியனே லீவுல போயிடறான். சார்ஜ் யாரு குடுப்பா, உங்க மாமனாரா?"

கடைக்காரர் சிரித்தார். நீ அவரிடம் திரும்பி, "இவரு எர்த்து வாத்தியாருங்க. வூட்ல கிரைண்டர் போடறதுன்னாகூட செருப்பு மாட்டிக்கிட்டுதான் போடுவாரு" என்றாய். அந்தப் பெயர் நகர் முழுக்கப் பரவியது. ஒரு நாள் என் வகுப்பின் கடைசி வரிசையிலிருந்தும் அது கேட்டது.

நீ வாங்கியது இரண்டு பெரிய வெள்ளை ஃபோகஸ் லைட். தரையில் அல்ல, கம்பத்தின் நடுவிலேயே பட்டை போட்டு முடுக்கச் சொன்னாய். இரும்புக் கம்பத்தின் அடியில் துளை போட்டு ஒயரை உள்ளே ஏற்றினார்கள். துளையின் விளிம்பில் விரலை வைத்தேன், பிளேடு மாதிரி கிழித்தது. ரப்பர் வளையம் போடாமல் விட்டால் காற்றில் கம்பம் ஆட ஆட ஒயரின் தோல் உரிந்துவிடும் என்றேன். "கம்பம் இன்னா கரகாட்டமா ஆடுது?" என்று கேட்டாய். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

அன்று முதல் என் படுக்கையறைச் சுவரில் உன் கொடியின் நிழல் ஆடியது. கண்ணை மூடினாலும் இமைக்கு மேல் ஏதோ அசைந்துகொண்டே இருப்பதாகத் தோன்றும். உன்னிடம் சொன்னதற்கு, "கொடி நெழல்ல தூங்கற பாக்கியம் யாருக்குடா கெடைக்கும்?" என்றாய்.

மழைக்காலம் தொடங்கியதும் ட்ரிப் சுவிட்ச் விழ ஆரம்பித்தது. எங்காவது மின்சாரம் கசிந்தால் தானாகவே அறுத்துவிடும் கருவி அது. கடையில் நான் பிடிவாதம் பிடித்து வாங்கவைத்தது அது ஒன்றுதான். தூறல் விழுந்தால் போதும், விளக்கு போய்விடும். நீ குடையைப் பிடித்துக்கொண்டு ஓடுவாய். "இருட்டுல பறக்குதுடா, மனசு கேக்கல" என்பாய். அதில் பொய் இல்லை, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு நாள் ஆளைக் கூப்பிட்டு அந்தக் கருவியையே கழற்றிவிட்டு ஒயரை நேராக இணைத்துவிட்டாய். அது விழுவது கோளாறில்லை, ஏதோ சொல்கிறது என்று வாசலில் நின்று கத்தினேன்.

"ஜாஸ்தி பேசுச்சு. அதான் எடுத்துட்டேன். உன்னையும் எடுத்துட்டா கமிட்டி நல்லா நடக்கும்."

அன்றே சங்கக் கமிட்டியிலிருந்து விலகினேன்.

தீபத்தன்று மாலை ஊர் இருட்டாவது உனக்கும் எனக்கும் பழகிய விஷயம். மலையில் ஜோதி தெரிந்த பிறகுதான் வீட்டில் விளக்கு. அதுவரை எல்லாரும் சுவிட்சை அணைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். நம் நகரில், உன் மூலை வீட்டை விட்டால், மலை நன்றாகத் தெரிவது கொடிமேடையிலிருந்துதான். அங்கே எல்லாரும் கூடினார்கள். செருப்புகள் மேடைக்குக் கீழே வரிசையாகக் கிடந்தன. பகலெல்லாம் மழை. சிமெண்டில் தண்ணீர் பளபளத்தது. கம்பத்து விளக்கை நீயே அணைத்தாய். நான் வரவில்லை. என் வீட்டுக் கேட்டருகே நின்றேன், உன்னோடு சேர்ந்து எதையும் பார்க்கும் மனம் இல்லாமல்.

அரோகரா என்று கூட்டம் எழுப்பிய சத்தம் வந்தது. அது அடங்குவதற்குள் உன் மனைவியின் அலறல்.

நான் ஓடி வந்தபோது நீ கம்பத்தடியில் சரிந்து கிடந்தாய். மலையைப் பார்க்க எக்கியபோது பிடிமானத்துக்குக் கம்பத்தைப் பிடித்தாயாம். ஏற்கெனவே நெஞ்சுவலி கண்டவன் என்பதால் மாரடைப்பு என்றார்கள். உன் வலது உள்ளங்கையில் வெளிறிப்போன ஒரு சூட்டுத் தடம் இருந்ததை நான் பார்த்தேன். "கற்பூரம் சுட்டிருக்கும்" என்றார் ஒருவர். கரண்ட்டோ என்று நான் மெல்லக் கேட்டேன். "லைட்டே ஆஃப்ல கெடக்குது, கரண்ட்டு எங்கேர்ந்து வரும்?" என்றார் இன்னொருவர். சுவிட்சைத் தப்பான ஒயரில் மாட்டியிருந்தால் விளக்கு மட்டும்தான் அணையும், மின்சாரம் ஒயரில் அப்படியே நிற்கும், தோல் உரிந்த இடத்தில் கம்பத்துக்குள் இறங்கும். அதை அப்போது யாருக்கு விளக்குவது?

அதைவிட என்னை நடுங்கவைத்தது எதிர்வீட்டு அம்மா சொன்னது. "ஜோதி தெரிஞ்ச நேரம் எனக்குக் காலு ரெண்டும் ஜிவ்வுன்னு ஏறுச்சுங்க. ஒடம்பே சிலுத்துப்போச்சு. அண்ணாமலையாரே இங்க வந்துட்டாரு." பக்கத்தில் நின்ற இரண்டு பேர் தங்களுக்கும் அப்படித்தான் இருந்தது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஈர மேடையில் வெறுங்காலோடு நின்றவர்கள் அவர்கள்.

காரியம் முடிந்த அன்று உன் மனைவி என்னிடம் சொன்னாள்: "ஜோதியப் பாத்துக்கிட்டே போனாரு அண்ணா. வலி தெரியாம போனாரு. அதை நெனச்சுதான் நான் சோறு துன்றேன்." வாயை மூடிக்கொண்டேன். உனக்காக அல்ல, தங்கச்சிக்காக.

வருஷம் முடியும்வரை வேண்டாம் என்று கம்பத்து ஃபியூஸைப் பிடுங்கிவைத்தார்கள். துக்கத்துக்காகத்தான், பயந்து அல்ல. நேற்று அதைத் திரும்பப் போட்டுவிட்டார்கள். உன் நினைவாகப் புது விளக்குகள். "லைட்டு மட்டும் மாத்தினா போதும், ஒயரு நல்லாத்தான் இருக்குது" என்று உன் மகன் சொன்னதை மாடியிலிருந்து கேட்டேன். இந்தத் தீபத்துக்கு நகரின் குழந்தைகள் எல்லாரும் மேடையில் ஏறி, கம்பத்தைச் சுற்றி நின்று உனக்காக அகல் ஏற்றப் போகிறார்கள். வெறுங்காலோடுதான்.

அதனால்தான் காலையில் டெஸ்டரோடு போனேன். உன் மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"டெஸ்டர் எதுல வெச்சாலும் கொஞ்சம் எரியத்தான் செய்யும் மாமா. எலக்ட்ரீஷியன் பாத்துட்டுத்தான் போனாரு."

"ஃபியூஸை எடுத்துட்டு ஒயரை வெளிய இழுத்துப் பாருப்பா. உங்கப்பாவுக்கு..."

"எங்கப்பா உயிரோட இருக்கும்போதும் குத்தம் சொன்னீங்க. செத்ததுலயுமா குத்தம் கண்டுபிடிக்கிறீங்க, சார்?"

பிறந்ததிலிருந்து மாமா என்று கூப்பிட்டவன். மீட்டர் அறையின் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போனான். நடை அப்படியே உன்னுடையது.

சங்கத்தில் பேச எழுந்தாலே உட்காரவைத்துவிடுவார்கள். லைன்மேன், மீட்டருக்கு அந்தப் பக்கம் நீங்களே பாத்துக்கணும் சார் என்றார். மிச்சம் ஒரே ஆள்தான். உன் பெயருக்கு இன்றும் வரும் தபாலைத் தங்கச்சி ஒன்று விடாமல் பிரித்துப் படிக்கிறாள் என்று தபால்காரர் சொல்லியிருக்கிறார். அவள் சொன்னால் உன் மகன் கேட்பான்.

தங்கச்சி, இதை நீதான் படித்துக்கொண்டிருக்கிறாய். சோறு இறங்குவதற்கு நீ வைத்திருந்த ஒன்றை நான் பிடுங்கிவிட்டேன். அவன் சுகமாகப் போனானா என்பது எனக்குத் தெரியாது. அந்தக் கம்பத்தைப் பிடித்துத்தான் போனான் என்பது தெரியும். சாவியை வாங்கு. ஃபியூஸைப் பிடுங்கு. அப்புறம் என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லு.

இல்லையென்றால் தீபத்தன்று செருப்புக்காலோடு மேடையில் ஏறி, கம்பத்துக்கும் குழந்தைகளுக்கும் நடுவில் நிற்பேன். அடிப்பார்கள். அடிக்கட்டும்.

போய்விட்ட உன்னிடம் எனக்கு மிச்சமிருப்பது மூலை மனைக் கோபமும், சட்டைப்பையில் இருக்கும் இந்த டெஸ்டரும். இரண்டையும் வைத்துக்கொள்கிறேன். அடியில் பெயர் போடவில்லை. இந்த நகரில் எல்லாரும் முதலில் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் படிப்பதா என்று முடிவு செய்கிறார்கள். எர்த்து வாத்தியார் என்று தெரிந்தால் மடித்துவிடுவார்கள். எழுதியது யார் என்று தங்கச்சிக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். ஆனால் அதற்குள் டெஸ்டர் எரிந்ததைப் படித்திருப்பாள்.

மழை இன்னும் விடவில்லை. உறையில் உன் பெயரும் உன் விலாசமும் மட்டும் எழுதியிருக்கிறேன். குடையை எடுத்துக்கொண்டு போய் இப்படியே பெட்டியில் போட்டுவிடுகிறேன்.