ஏழாவது கோஷ்டி

ஜூலை 3, புதன்

அம்மா போனில் கேட்டாள், "கடல் தாண்டிப் போய் அப்படி என்னடி சொல்லிக் குடுத்த?"

"நிறங்கள்."

"நிறமா? அதுக்கு ஃப்ளைட் ஏறணுமா?"

கோபத்தில் போனை வைத்துவிட்டேன். அவளுக்கு என்ன தெரியும். கல்லூரியிலிருந்து ஆறு பேர் வந்திருக்கிறோம், அதில் நான் தலைவி. மூன்று வாரத்தில் பன்னிரண்டு மணி நேரம் வகுப்பெடுத்தால் தலைமைப் பண்புக்கான சான்றிதழ். அதை நம்பித்தான் மேற்படிப்புக்கு விண்ணப்பமே போட்டிருக்கிறேன்.

நாற்பத்தியொரு பிள்ளைகளும் எழுந்து நின்று வரவேற்புப் பாட்டுப் பாடினார்கள். சிவப்பு அட்டையைத் தூக்கினால் முழிக்கிறார்கள். நான் "ரெட்" என்றதும் அப்படி ஒரு சந்தோஷம். பதினோரு வயதுப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் நிறம்கூடத் தெரியவில்லை என்றால் இத்தனை வருடம் என்னதான் சொல்லிக் கொடுத்தார்களாம் இந்தப் பள்ளியில்?

ஜூலை 5, வெள்ளி

நீல அட்டையை நான் இன்னும் பையிலிருந்து எடுக்கவே இல்லை. முதல் பெஞ்சு இரட்டைப்பின்னல்காரி "ப்ளூ" என்றாள். சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவள் அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

அடுத்தது நீலம் என்று எப்படித் தெரியும்?

பள்ளி விட்டதும் கணக்கு டீச்சரைப் பிடித்துக் கேட்டேன். எங்களுக்குள் பொது மொழி அரைகுறை ஆங்கிலம்தான். என் காதில் விழுந்தபடி நம் பேச்சில் எழுதுகிறேன்.

"இந்த வருஷத்துல நீங்க ஏழாவது கோஷ்டிம்மா. எல்லாருமே அதே அட்டைப் பெட்டியோடதான் வர்றீங்க. சிவப்பு, மஞ்சள், நீலம். மூணு வாரத்துல கிளம்பிடறீங்க. அடுத்து வர்றவங்க மறுபடியும் சிவப்பு."

"அப்ப ஏன் தெரியாத மாதிரி முழிக்கிறாங்க?"

"நாங்கதான் சொல்லி வச்சிருக்கோம். விருந்தாளி முகம் வாடக் கூடாதில்ல. நீங்க வந்தாத்தான் உங்கள அனுப்பற அமைப்பு பள்ளிக்குப் பெஞ்சு குடுக்கும்."

எந்தப் பாடவேளையை எங்களுக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்றேன். சுவரில் இருந்த கால அட்டவணையைக் காட்டினார். கணக்கு. தினமும் கணக்கு.

இந்த மாதக் கடைசியில் அவர்களுக்குத் தேர்வு. தேறினால் மேல்பள்ளி. இல்லையென்றால் படிப்பு அதோடு சரி. போன வருடம் கணக்கில் தேறியது பதினொரு பேர்.

"நீங்களும் இதுக்கு உடந்தையா?" என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சிவந்துவிட்டது. கேட்டதில் தப்பில்லை. ஆனால் அதைக் கேட்க நான் யார்?

ஜூலை 6, சனி

கொல்லன் தெருவில் ஊசி விற்றிருக்கிறோம். அதுவும் ஏழு முறை. வாங்குவது போல நடித்தது பிள்ளைகள். நடிக்கச் சொன்னது பெரியவர்கள். கைதட்டு மட்டும் எங்களுக்கு. தூ.

ஜூலை 8, திங்கள்

எங்களை அனுப்பிய அமைப்பின் பொறுப்பாளரிடம் போனேன். கேமரா இல்லாமல் அவர் கழுத்தை யாரும் பார்த்ததில்லை, அதனால் எங்களுக்கு அவர் போட்டோ அண்ணன்.

"உனக்கு எதுக்கும்மா ஊர் வம்பு? பன்னெண்டு மணி நேரத்த முடி, சான்றிதழ வாங்கு, வீடு போய்ச் சேரு."

"அவங்க பரீட்சை?"

"அத அவங்க பாத்துப்பாங்க. டீம சந்தோஷமா வச்சுக்கறவதான் லீடர்."

பாத்துப்பாங்களாம். பார்ப்பதற்கு இருக்கிற ஒரு மணி நேரத்தையும் நாங்கள் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். எனக்கு அழுகை வந்தது. அதற்கும் படம் எடுத்துவிடுவாரோ என்று பயந்து வெளியே வந்துவிட்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

கணக்கு டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டேன். நாங்கள் என்ன செய்யட்டும் என்றும் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என் வகுப்ப என்கிட்ட குடு. அப்புறம் நோட்டு திருத்து. நாப்பத்தியொரு நோட்டு, வாரத்துக்கு ஒரு தடவதான் என்னால முடியுது. இன்னிக்குப் போட்ட தப்பு அடுத்த வாரம் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?"

பெஞ்சு வராமல் போனால்?

"இருக்கற பெஞ்சு இன்னும் உடையல."

ஜூலை 10, புதன்

குழுவில் பெரிய சண்டை. வக்கீல் (சட்டம் படிக்கவில்லை, வாய்க்காக வைத்த பெயர்) கத்தினான். "நோட்டு திருத்தவா நான் பாஸ்போர்ட் எடுத்தேன்? ஒருத்தி மனசாட்சிக்காக ஆறு பேர் சான்றிதழ் போகணுமா?"

அவன் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது, அதுதான் இன்னும் எரிச்சல். கடைசியில் அவனோடு மூன்று பேர் கீழே இருக்கிற மழலை வகுப்புக்குப் போகிறார்கள். அந்தச் சின்னதுகளுக்கு நிஜமாகவே நிறம் தெரியாது. சின்னப் பிள்ளைகள் படத்தில் இன்னும் நன்றாக விழும் என்று போட்டோ அண்ணனும் சரி என்றார். தலைவி இனி வக்கீல்தான். தலைவன், தலைவன்.

என்னோடு வந்தது ஒரே ஒருத்தி. எனக்கு இதுவரை வகுப்பு ஆறு மணி நேரம். அது இனி ஏறாது. ஆனது ஆகட்டும்.

ஜூலை 12, வெள்ளி

பழைய சாமான் அறை. ஒரு மேசை, ஒன்றரை நாற்காலி. பின்னக் கணக்கில் பாதிப் பேர் மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் தனித்தனியாகக் கூட்டி வைத்திருக்கிறார்கள். பட்டியல் போட்டு டீச்சரிடம் கொடுத்தேன். நன்றி எல்லாம் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டு நேரே கரும்பலகைக்குப் போனார்.

ஜூலை 16, செவ்வாய்

முதுகு வலி. அந்தத் தப்பு பத்து நோட்டில் போயிருக்கிறது. பதினொன்றில் இன்னும் இருக்கிறது.

ஜூலை 19, வெள்ளி

நாளை கிளம்புகிறோம். திருத்திய நோட்டுகளை எடுத்துக்கொண்டு பாடத்தின் நடுவில் உள்ளே போனேன். யாரும் எழுந்திருக்கவில்லை. யாரும் பாடவில்லை. எல்லாத் தலையும் கணக்குக்குள் இருந்தது.

விநியோகித்துவிட்டு வாசல் வரை வந்திருப்பேன். இரட்டைப்பின்னல்காரி நோட்டோடு பின்னால் வந்தாள். நான் சிவப்பில் பெருக்கல் குறி போட்டிருந்த கணக்கில் விரலை வைத்தாள். டீச்சர் கொடுத்த விடைக்குறிப்பில் மூன்றின் கீழ் நான்கு. அவள் எழுதியிருந்தது ஆறின் கீழ் எட்டு.

"ரெண்டும் ஒண்ணுதான்," என்றாள், டீச்சரின் அதே அரைகுறை ஆங்கிலத்தில். "சுருக்கச் சொல்லிக் கேக்கல. நீங்க சரியாப் பாக்கல."

நாக்கைக் கடிக்கவில்லை. என் முகம் வாடுகிறதா என்றும் பார்க்கவில்லை. நான் அடித்துத் திருத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும்வரை நகராமல் நின்றாள்.