இலுப்பை எண்ணெய் உறைந்துவிட்டது

மார்கழி, வியாழன் இரவு.

யுத்தம் வந்தபின் குரூடாயில் கிடைப்பதே அபூர்வம். அதனால் பம்பு எஞ்சினுக்கு இலுப்பை எண்ணெயைக் கலந்து ஊற்றுகிறேன். ஓட்டத்தில் குறையில்லை. நிறுத்துமுன் மட்டும் சற்று நேரம் வெறும் குரூடாயிலில் ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் குளிரில் குழாய்க்குள் எண்ணெய் நெய்போல் உறைந்துவிடும்.

நேற்று மாலை பக்கத்து வயல் முத்தையாவின் அப்பாவைத் தூக்கிக்கொண்டு கிணற்றோரமாக வந்தார்கள். பாடை போகும்போது எஞ்சின் தடதடப்பதா? உடனே நிறுத்திவிட்டு நானும் சுடுகாட்டுக்கு நடந்தேன். அந்த நேரத்தில் எண்ணெய் ஞாபகமே வரவில்லை.

இன்று பகல் முழுக்க வெந்நீர் ஊற்றி, குழாயைக் கழற்றி மாட்டி, சக்கரத்தைச் சுற்றித் தோள் விட்டுப்போனதுதான் மிச்சம். இருமுகிறது, ஓட மாட்டேன் என்கிறது.

பொழுது சாய, மொட்டைத் தலையோடு முத்தையா வந்து நின்றான். அவன் வயலுக்கும் இந்தத் தண்ணீர்தான்.

"கதிர் வாங்குற நேரம். தண்ணி எப்பண்ணே வரும்?"

"நாளைக்குப் பாப்போம், முத்தையா. எஞ்சின் மக்கர் பண்ணுது."

"நேத்து எங்கப்பாவைத் தூக்கிட்டு வர்றப்பகூட நல்லா ஓடிட்டுத்தானண்ணே இருந்துச்சு?"

ஆமாம் என்றேன்.