காங் யூரியின் மிச்சப் பாடம்

அன்பு மகள் போராவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீ அந்த நார்வே குளிரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருந்தால் எங்களுக்கு அது போதும். இங்கே நம் டோங்யோங்கில் சிப்பி சீசன் தொடங்கிவிட்டது. அம்மா முட்டி வலி என்று புலம்பிக்கொண்டே குளிர்காலத்துக்கான கிம்ச்சி ஊறுகாயைப் போட்டு முடித்தாள், ஒத்தாசைக்குப் போன என்னை உப்புப் போடக்கூடத் தெரியாத வாத்தியார் என்று விரட்டிவிட்டாள். உன் பங்கைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள், எப்படி அனுப்புவது என்றுதான் தெரியவில்லை.

போனில் என் குரல் ஏன் கம்மியிருக்கிறது என்று கேட்டாய். மனசு விட்டுப்போச்சு போரா. என் ஒன்றாம் வகுப்பில் காங் யூரி என்று ஒரு குழந்தை, அம்மா சிப்பி உடைக்கிற கொட்டகையில் வேலை, அப்பா மீன் லாரி ஓட்டுகிறார். மற்ற பிள்ளைகள் டியூஷனில் எழுத்து முழுக்கப் படித்துவிட்டுத்தான் பள்ளிக்கே வருகிறார்கள், இவள் ஒன்றும் தெரியாமல் வந்தாள். உயிரையும் மெய்யையும் சேர்த்து ஒலிக்கப் பழகிவிட்டாள், ஆனால் நம் கொரிய எழுத்தில் அந்தக் கூட்டுக்கு அடியில் கடைசி ஒலியாக இன்னொரு மெய் வந்து உட்கார்ந்தால் போச்சு, வாயைப் பூட்டிக்கொள்வாள். யூரி என்று எழுதுவாள், காங் எழுத வராது. அதனால் வகுப்பு விட்டதும் கொஞ்ச நேரம் என்னோடு இருக்கச் சொன்னேன். மாவு உருட்டி எழுத்துச் செய்வோம், மூக்கைப் பிடித்துக்கொண்டு ங் என்று சொல்லு, சத்தம் எங்கே போகுது பார் என்பேன், விழுந்து விழுந்து சிரிப்பாள். போன வாரம்தான் முதல் தடவையாக மீன் என்று தடுமாறாமல் படித்தாள்.

ஊருக்குப் பொறுக்குமா? மிச்சப் பாடத்துக்கு நிற்கிற பிள்ளை என்று தாய்மார்களின் போன் குழுவில் யாரோ எழுதிவிட்டார்கள். அவள் அப்பா நேரே பள்ளிக்கு வந்துவிட்டார். "எம் பொண்ணு மக்குன்னு ஊருக்கே தண்டோரா போடுறீங்களா சார்?" என்றார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை, பிள்ளையின் மனசை நோகடித்ததாகப் புகார் கொடுத்துவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியவில்லை, ராப்பகலாக லாரி ஓட்டுகிற மனுஷன், அவமானம் தாங்கவில்லை. துணைத் தலைமையாசிரியை ஓ மேடம் என்னைக் கூப்பிட்டு, ஓய்வு பெறுகிற நேரத்தில் உங்களுக்கு வம்பு எதற்கு சார், மணி அடித்த பிறகு அந்தக் குழந்தை வகுப்பில் இருக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

குழந்தைக்கு என்ன தெரியும்? மறுநாள் மணி அடித்த பிறகும் செருப்புப் பையைக் காணோம் என்று நின்றாள், அடுத்த நாள் பென்சிலைக் காணோம். நேற்று நேரே என் மேசைப் பக்கம் வந்து நின்றாள். ஓ மேடம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். "சார், எனக்கு எழுத்தெல்லாம் முடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள். பாதிகூட ஆகவில்லை போரா. முடிஞ்சிருச்சும்மா, வீட்டுக்குப் போ என்றேன். அப்பாகிட்ட சொல்றேன் என்று துள்ளிக் குதித்து ஓடினாள்.

இன்று காலை அவள் அப்பா பள்ளி வாசலில் லாரியை நிறுத்தி இறங்கி வந்தார். இடுப்பு வளைய எனக்கு வணக்கம் சொன்னார். "பாத்தீங்களா சார், எம் பொண்ணு முடிச்சிட்டா. மக்கு இல்லன்னு நான் அப்பவே சொன்னேன்ல" என்றார், கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. புகாரையும் திரும்ப வாங்கிக்கொள்கிறாராம். நானும் குனிந்து வணங்கினேன்.

காது மூடாமல் வெளியே போகாதே. ஒரு குறையும் அண்டாமல் நீ நிறைவாக இருக்க வேண்டும் கண்ணு. அம்மாவிடம் பள்ளிக்கூடத்துப் பேச்சை எடுக்காதே, புகார் தீர்ந்தது என்று அவள் சந்தோஷமாக இருக்கிறாள்.

உன் அப்பா,
ஹ்வாங் இன்சு