கணக்கு டீச்சர் மகளுக்குக் கணக்கு வரவில்லை

மார்ச் 26, புதன்

காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று. எட்டாம் வகுப்பு கணக்குப் பரீட்சை முடிந்தது. விடைத்தாள் கட்டு என் மேசைக்கு வந்தது. அதில் என் மகள் மித்ராவின் தாளும் இருக்கும் என்பதால் பிரிக்காமல் அப்படியே சுனிதா டீச்சரிடம் கொடுத்துவிட்டேன். எங்கள் பள்ளியிலேயே மலையாளம் மீடியத்துக்குக் கணக்கு எடுப்பவர், தமிழும் வாசிப்பார். பதிலுக்கு அவருடைய கட்டு எனக்கு. பெற்ற மகளின் தாளை நானே திருத்தினேன் என்று எங்கள் பெருமாட்டி ஊர் முழுக்கப் பேச்சு வரக்கூடாது.

மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் மறுபடியும் அதே சண்டை. எழுத்துப் பரீட்சையில் மட்டும் தனியாக ஒரு மினிமம் மார்க்கு வாங்க வேண்டும், வாங்காவிட்டால் ஏப்ரலில் ஸ்பெஷல் கிளாஸ், பிறகு மறுபரீட்சை. இந்தச் சட்டம் வேண்டுமா வேண்டாமா. நான் வேண்டும் கட்சி. கட்சித் தலைவி என்றே சொல்லலாம். வேண்டாம் கட்சிக்கு சோஷியல் சயின்ஸ் ராஜாமணி சார்.

நான்: "எல்லாத்தையும் ஏத்தி உட்டுப்போட்டு, பத்தாவதுல போயி முழிக்கறதுக்கு இப்பவே தெரிஞ்சுக்கறது நல்லதுதானுங்க?"

அவர்: "தெரிஞ்சுக்கறதுக்குப் பரீட்சை எதுக்குங்க டீச்சர்? வருசம் பூரா முன்னால உக்காந்திருக்கற புள்ளைய நீங்க பாக்கலீங்களா?"

நான்: "ஒவ்வொருத்தரையும் பாத்துட்டுத்தானுங்க இருக்கறேன்."

சி.இ. மார்க்குப் பேச்சு வந்ததும் இரண்டு கட்சியும் கப்சிப். நோட்டு, ப்ராஜக்ட், வகுப்பில் கலந்துகொள்வது எல்லாம் பார்த்து டீச்சர் போடும் மார்க்கு அது. எதையும் பார்க்காமல் எல்லோருக்கும் முழுசாகப் போடுவதுதான் எங்கள் வழக்கம். இதில் மட்டும் கட்சி வேறுபாடு கிடையாது.

வாங்க: பச்சை மிளகாய், சிவப்புப் பேனா, மித்ராவுக்கு ஹேர்பேண்டு.

ஏப்ரல் 4, வெள்ளி

காற்றே இல்லை. கரண்டும் இல்லை. தென்னைக்குத் தண்ணீர் விட முடியாமல் என் வீட்டுக்காரர் காலையிலேயே கடுகடு.

சுனிதா டீச்சர் கட்டைத் திருப்பிக் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "சாரமில்ல டீச்சரே. கொறச்சே கொறவுள்ளு," என்றார். பரவாயில்லை, கொஞ்சம்தான் குறைவாம். எதற்கு இந்த ஆறுதல் என்று புரியவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

மித்ரா. கணக்கு. மினிமம் இல்லை.

சுனிதா டீச்சர் மறுபடி கூட்டிப் பார்த்தாராம். நானும் கூட்டிப் பார்த்தேன். அதே மார்க்கு. கீழிருந்து மேலாகவும் கூட்டினேன்.

ராஜாமணி சார் கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்தார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

வீட்டில் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். காலைக் கடுகடுப்பெல்லாம் போன இடம் தெரியவில்லை. "கணக்கு டீச்சரு புள்ளைக்குக் கணக்கு வல்லியா? உன்ற சட்டம் உன்ற ஊட்டுக்கே வந்துருச்சே புள்ளே!"

தட்டை ணங்கென்று வைத்தேன். மித்ரா அழவில்லை. உப்புமிளகாய் போட்டு மாங்காய் வேறு கேட்டாள். எனக்கு வந்தது கோபம் என்று நினைத்தேன். இல்லை, வெட்கம். நாளை பி.டி.ஏ. ஆட்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

ஏப்ரல் 8, செவ்வாய்

ஸ்பெஷல் கிளாஸ் ஆரம்பம். எடுப்பவர் நான்தான், வேறு யார். வந்தவர்கள்: நான்கு பையன்கள். பிறகு என் ஸ்கூட்டரில் என் பின்னாலேயே உட்கார்ந்து வந்த ஒருத்தி. வழக்கம்போல கேட்டுக்கு வெளியிலேயே இறக்கிவிட்டேன். பள்ளிக்குள் நான் டீச்சர், அவள் மாணவி. ஸ்கூட்டர் உறவு கேட்டோடு சரி. இதெல்லாம் நான் போட்ட ஏற்பாடு.

பிரவீன் என்று ஒரு வாயாடி. உள்ளே வந்து மித்ராவைப் பார்த்ததும் முகமெல்லாம் வெளிச்சம். "டீச்சர், மித்ராவும் இங்கதானுங்களா? அப்ப நாங்க பரவால்லீங்க."

சதவீதம் எடுத்தேன். தேங்காய் விலை, உரத் தள்ளுபடி. ஒவ்வொருவராகக் கேட்டு வந்தேன். நடுவில் பிரவீன் மறுபடியும்: "டீச்சர், மித்ரா ரொம்ப நேரமாக் கை தூக்கிட்டு இருக்கறா."

"தெரியும். நீ உன் நோட்டைப் பாரு," என்றேன். எனக்குத் தெரியாது. உண்மையிலேயே என் கண்ணில் படவில்லை.

தலைவலி. மோர் குடித்துவிட்டுப் படுத்தேன்.

ஏப்ரல் 9, புதன்

சாயங்காலம் அவரைக்காய் ஆய்ந்துகொண்டே மித்ராவிடம் கேட்டேன். "புரியலீன்னா கிளாஸ்ல கேக்கறதுக்கு என்ன கேடு?"

"கேக்கறதுக்குத்தான் கை தூக்கனனுங்க டீச்சர்."

வீட்டில், அடுப்படியில், என்னை டீச்சர் என்கிறாள்.

"நேத்து மட்டுமில்ல. வருசம் பூராத் தூக்கனேன். நீ என்ற பக்கம் திரும்பவே மாட்டே. அப்பறம் உட்டுட்டேன். ஊட்டுல கேட்டா, பள்ளிக்கூடத்துக் கதை ஊட்டுல வேண்டாங்கறே. பள்ளிக்கூடத்துல பாக்கவே மாட்டீங்கறே. நான் எங்கதாம்மா கேக்கறது?"

அவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். சிரிக்கவில்லை.

எழுதி வைக்கிறேன், அவள் சொன்னது முழுக்க உண்மை. போன ஜூனில், வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா, "டீச்சரு புள்ளைன்னா தனிக் கவனிப்புத்தான்," என்று என் காதில் விழும்படி சொன்னார். அன்றைக்கு முடிவு செய்தேன், மித்ராவிடம் கேள்வி கேட்பதில்லை, அவள் நோட்டை நானாகத் திறப்பதில்லை. நேர்மை என்று நினைத்துக்கொண்டேன். வகுப்பில் அத்தனை பேரையும் பார்த்தேன், ஒருத்தியைத் தவிர. அவளுக்கும் சி.இ. முழு மார்க்கு போட்டிருக்கிறேன். வகுப்பில் கலந்துகொள்வது உட்பட!

கொஞ்சம் அழுதேன். பிறகு வெங்காயம் நறுக்கினேன், அதனால் யாருக்கும் தெரியவில்லை.

ராஜாமணி சார் கேட்டது சரி. ஆனால் பரீட்சை இல்லாவிட்டால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது. அந்தப் பாயிண்டை விட மாட்டேன்.

ஏப்ரல் 14, திங்கள்

விஷு. கொன்றைப்பூ, வெள்ளரிக்காய், கண்ணாடி எல்லாம் வைத்துக் கனி. பாயசம் கிளறும்போது மித்ரா ஒரு விகிதக் கணக்கோடு வந்து நின்றாள், கேட்கலாமா வேண்டாமா என்ற முகத்தோடு. "கேளு," என்றேன். அடுப்பு மேடையில் விரலால் எழுதிக் காட்டினேன். பாயசம் லேசாக அடிப்பிடித்தது. அவர் குடித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு மினிமம் கிடையாதுங்களா?" என்றார்.

பள்ளிக்கூடத்துக் கதை வீட்டில் வேண்டாம் என்ற சட்டம் இன்றோடு ரத்து.

ஏப்ரல் 22, செவ்வாய்

நேற்று ராத்திரி மழை. அப்பாடா.

வகுப்பில் மித்ராவை முதலில் கேட்டேன். உடனே பிரவீன், "டீச்சர், உங்க புள்ளையவே கேக்கறீங்க!" ஜூனிலிருந்து நான் பயந்த அதே வார்த்தை. வந்தே விட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அடுத்தது நீதான். எந்திரி."

எழுந்தான். சரியாகச் சொன்னான். அவனே நம்பவில்லை.

ஏப்ரல் 25, வெள்ளி

மறுபரீட்சை. மித்ராவைக் கேட்டுக்கு வெளியே இறக்கவில்லை. ஸ்கூட்டரை உள்ளே வரை ஓட்டிப்போனேன். தாள் இந்த முறையும் சுனிதா டீச்சரிடம். அந்த ஏற்பாடு மட்டும் தொடரும்.

ஏப்ரல் 30, புதன்

பாஸ்! மித்ராவும் பாஸ், பையன்களும் பாஸ். பிரமாதம் என்றெல்லாம் சொல்ல முடியாது. மினிமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருக்கிறாள், அவ்வளவுதான். எனக்கு அது போதும். சுனிதா டீச்சரைக் கட்டிப் பிடித்துவிட்டேன்.

இன்றைக்கு டீ என் செலவு. ராஜாமணி சார் உறிஞ்சிக்கொண்டே, "ஏனுங் டீச்சர், இப்ப எந்தக் கட்சிங்க?"

"அதே கட்சிதானுங்க சார். ஆனா சி.இ. இனி பாத்துத்தான் போடுவேன். நீங்களும் போடோணும்."

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பார்த்துப் போடுவது என்றால் எவ்வளவு வேலை என்று கணக்குப் போட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மித்ரா: "உனக்கும் சி.இ. போட்டிருக்கறேன்."

"எத்தனை?"

"மினிமம்."

"அவ்வளவுதானா?"

"ஏப்ரல்லதான நல்லாப் படிச்சே."

ஜூன் 2, திங்கள்

மழையோடு பள்ளிக்கூடம் திறந்தது. குடைகள் வராந்தா முழுக்க. ஒன்பதாம் வகுப்பு, தமிழ் மீடியம், கணக்கு: நான். ஹெச்.எம். தனியே கூப்பிட்டு, "சங்கடமா இருந்தா சுனிதா டீச்சரை மாத்தி உடட்டுங்களா?" என்று கேட்டார். வேண்டாங்க என்றேன். காலையில் ஸ்கூட்டரிலேயே மித்ராவைக் கேட்டாகிவிட்டது. "நீயே எடு. ஆனா பாத்து எடு," என்று உத்தரவு.

முதல் பீரியட். போன வருடப் பாடத்திலிருந்து ஒரு கணக்கு எழுதிப் போட்டேன். மூன்றாவது பெஞ்சில் ஒரு கை.

"மித்ரா, சொல்லு."

சொன்னாள். தப்பு. பிரவீன் முதலில் சிரித்தான், பிறகு வகுப்பே சிரித்தது, அவளும் சிரித்தாள். கை மட்டும் இறங்கவில்லை.

"அப்ப எப்படீங்க டீச்சர்?"

சாக்பீஸை அவளிடம் நீட்டினேன்.