பொன்னி சொன்னதைக் கேட்டுச் சிரித்தோம்

12 ஜனவரி 2009

செம்பியன் லேபுக்கு வந்து தன் புராஜெக்டைக் காட்டினான். கடைசி வருஷப் பையன், கெட்டிக்காரன். தமிழில் எதைத் தட்டினாலும் கம்ப்யூட்டர் தமிழிலேயே பதில் போடுகிறது. ‘தோழி’ என்று பெயர் வைத்திருக்கிறான். “எனக்குத் தலைவலி” என்று தட்டினேன். “தலைவலி எத்தனை நாளாக இருக்கிறது?” என்று வந்தது. பின்னால் நின்ற பெண்கள் கைதட்டினார்கள்.

“அவளுக்கு இன்னிக்கு மூடு சரியில்ல மேடம். காலையில இன்னும் நல்லா பேசினா” என்கிறான். அவளாம்! இருநூற்றுச் சொச்சம் வாக்கியங்கள், சொல்லைத் தேடி எடுக்க ஒரு புரோகிராம். அவ்வளவுதான் அவள்.

அடுத்த மாதம் எங்கள் துறைக் கருத்தரங்கு. ‘இயந்திரம் மனிதனைப் போல் உணருமா?’ பேசப்போவது நான்.

வீட்டில் அண்ணிக்குச் சாப்பாடு போகும் மூக்குக் குழாய் மாற்ற வேண்டிய நாள். மறந்தே போனேன். பொன்னிதான் ஞாபகப்படுத்தினாள்.

17 ஜனவரி

பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். ஒவ்வொருவரும் அண்ணி படுத்திருக்கும் அந்த அறையில் ஒரு நிமிஷம் நின்று, உச்சுக் கொட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். நானும் வேறு என்ன செய்கிறேன்?

என் கணவர் மணவாளனின் அக்கா கொளஞ்சியம்மாள். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் தமிழ் டைப்பிஸ்ட். கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பியைப் படிக்க வைத்தவர். ரிட்டயர் ஆன எட்டாம் மாதம் மூளையில் அடைப்பு. கை, கால், வாய் எல்லாம் போய்விட்டது. கண் மட்டும் திறந்து மூடும். உணர்வு இருப்பதாக உறுதியாகச் சொல்ல முடியாது என்று புதுச்சேரி டாக்டர் சொன்னார். கடலூர் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே அண்ணாமலை நகருக்குத் தூக்கி வந்து ஐந்து மாதமாகிறது.

அதைத் துடைத்து, ஊட்டி, பார்த்துக்கொள்ள பொன்னி காட்டுமன்னார்கோயிலிலிருந்து காலை டவுன் பஸ்ஸில் வருகிறாள்.

29 ஜனவரி

இன்று பொன்னியோடு ஒரு வாக்குவாதம்.

“மேடம், அம்மாவுக்கு எல்லாம் தெரியுது. ரேடியோவுல செய்தி முடிஞ்சு வெளம்பரம் வந்தா கண்ண மேல தூக்குறாங்க. நிறுத்துன்னு சொல்றாங்க.”

“அது ரிஃப்ளெக்ஸ், பொன்னி. தானா நடக்கிறது.”

“தானா நடந்தா வெளம்பரத்துக்கு மட்டும் எப்டி நடக்கும்?”

பாவம். நாள் முழுக்கத் தனியாக அதோடு பேசிக்கொண்டிருப்பவளுக்கு அப்படித்தான் தோன்றும். தோழிக்கு மூடு சரியில்லை என்று செம்பியன் சொல்லவில்லையா? பேச்சுக்கு நல்ல உதாரணம் கிடைத்தது.

13 பிப்ரவரி

பேச்சு பிரமாதம் என்றார்கள். பதில் வருவதாலேயே உள்ளே மனம் இருக்கிறது என்று ஆகாது, மனம் இருப்பதாக நினைப்பது நம் பலவீனம் என்றேன். தோழியைத் திரையில் காட்டினேன். பிறகு பொன்னி கதை. “எங்க வீட்ல ஒரு அம்மா நினைவில்லாம இருக்காங்க. பார்த்துக்கிற பொண்ணு அவுங்களோட சண்டை போடுறா, சமாதானம் ஆகுறா. ஏன் பொன்னின்னா, அம்மா கோச்சுக்கிட்டாங்கங்கிறா!” மொத்த ஹாலும் சிரித்தது.

பக்கத்துக் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியை பிரிசில்லா எழுந்தார். “இயந்திரத்துக்கு எந்தத் திணை போடுவீங்க மேடம்? உயர்திணையா, அஃறிணையா?” அஃறிணைதான், சந்தேகமே வேண்டாம் என்றேன். கைதட்டல்.

6 மார்ச்

பிசியோதெரபிக்காரரை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாரம் மூன்று நாள் வந்து கையை மடக்கி நீட்டுகிறார். யாருக்காக? பொன்னி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

20 ஜூன்

அந்த அறையில் இருக்கும் பீரோ என் மகனின் புத்தகங்களுக்கு வேண்டும். காலி செய்தேன். எல்லாம் அண்ணி ஆபீசுக்குக் கட்டிய காட்டன் சேலைகள், கஞ்சி போட்டு மடித்தது மடித்தபடி. கட்டிலின் கால்மாட்டிலேயே பரப்பி வைத்து ஊரிலிருந்து வந்தவர்களை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பொன்னிக்கும் இரண்டு நீட்டினேன். வாங்கவில்லை.

“அம்மாவக் கேட்டீங்களா மேடம்?”

சிரித்துவிட்டேன். அப்போது சேலத்திலிருந்து தங்கை போன். அங்கேயே நின்று பேசினேன். “அது அப்படியேதான் கெடக்குது. போய்ச் சேர்ந்தா எல்லாருக்கும் நல்லதுடி.”

4 அக்டோபர், ஞாயிறு

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

ஞாயிறு பொன்னி வரமாட்டாள். இன்று தானாக வந்தாள். என்னையும் மணவாளனையும் கட்டிலருகே நிற்கச் சொன்னாள். “அம்மா, ஆமான்னா ஒரு தடவ கண்ண மூடுங்க. இல்லன்னா ரெண்டு தடவ. ஒரு வாரமா நாம பேசிக்கிறாப்ல. சரியா?”

ஒரு தடவை மூடித் திறந்தது.

“இவுரு உங்க தம்பிங்களா?” ஒரு தடவை. “தம்பி பேரு செல்வராசுங்களா?” இரண்டு தடவை.

மணவாளன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் — எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? தற்செயலாக இருக்கும் என்று.

5 அக்டோபர்

லீவு போட்டேன். இருபது கேள்விகள் எழுதிக்கொண்டேன், பாதி பொய். பொன்னி அறையில் இருக்கக் கூடாது என்றேன். அவள் ஏதாவது சைகை காட்டுகிறாளோ என்று. செம்பியனின் தோழியைக்கூட நான் இப்படிச் சோதித்ததில்லை.

பத்தொன்பது சரி. ஒன்று தப்பு. மணவாளன் பிறந்தது ஆகஸ்டில்தானே என்று கேட்டதற்கு இரண்டு தடவை மூடினார். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். பார், தடுமாறுகிறது என்று. மணவாளன் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு போன் போட்டு அவரிடமே கேட்டேன்.

“ஆகஸ்டு சர்டிபிகேட்டுல இருக்கிறது மலரு. நெஜமா பொறந்தது ஐப்பசியில. ஸ்கூல்ல சேக்குறப்ப அக்காதான் மாத்திக் குடுத்துச்சு.”

ஜாதகம் பார்க்காத கல்யாணம் எங்களுடையது. பதினாறு வருஷமாக ஆகஸ்டில் பாயசம் வைக்கிறேன். இந்த மனுஷனும் சொன்னதில்லை. படுத்துக் கிடப்பவருக்குத் தெரிந்திருக்கிறது.

இருபதும் சரி.

இருபத்தொன்றாவதாக ஒரு கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. என்மேல் கோபமா? கேட்கவில்லை. அதற்கு மட்டும் விடை என் காகிதத்தில் இல்லை.

6 அக்டோபர்

பதினான்கு மாதம். எல்லாம் கேட்டுக்கொண்டு. எல்லாம்.

ஜூன் 20ஐப் புரட்டிப் பார்க்கத் தைரியம் இல்லை.

8 அக்டோபர்

டாக்டருக்கு போன் செய்தேன். மூளையின் தண்டுப் பகுதியில் மட்டும் அடைப்பு வந்தால் இப்படி ஆகுமாம், நினைவு முழுசாக இருக்கும், உடம்புதான் பூட்டிக்கொள்ளும். “நான் அப்பவே சொன்னேனேம்மா” என்றார். இல்லையே என்று வாதாடிவிட்டு, போன வருஷ டயரியை எடுத்தேன். என் கையெழுத்து. “உணர்வு இருக்குன்னு உறுதியா சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது. பேசிக்கிட்டே இருங்க.”

மூன்று வாக்கியங்கள். முதலாவது எனக்கு வசதியாக இருந்தது.

பிசியோதெரபி திரும்ப ஆரம்பம்.

10 அக்டோபர்

அட்டையில் அகர வரிசைப்படி எழுத்துகளை எழுதிக் கொடுத்தேன். பொன்னி வரிசை வரிசையாக விரலை நகர்த்துவாள், வேண்டிய இடத்தில் அண்ணி கண்ணை மூடுவார். முதல் சொல்லுக்கு நாற்பது நிமிஷம். க. த. வு.

“கதவத் தொறக்கணுங்களாம்மா?” இரண்டு தடவை. “சாத்தணுமா?” ஒரு தடவை. எழுந்துபோய்ச் சாத்தினேன். மறுபடி இரண்டு தடவை. எனக்குப் புரியவில்லை. பொன்னிதான் கொஞ்சம் யோசித்து, தாழ்ந்த குரலில் கேட்டாள். “தொடச்சு துணி மாத்தும்போதா?”

ஒரு தடவை. மூடிய கண்ணைத் திறக்கவே இல்லை, வெகுநேரம்.

காற்று வரட்டும் என்று திறந்தே வைக்கச் சொன்னது நான். எதிரே கூடம். மணவாளன் பேப்பர் படிப்பார். என் மகன் கேரம் ஆடுவான்.

பொன்னி அழுதாள். “மேடம் சொன்னாங்கன்னு நானும் வெச்சிட்டேம்மா.” எனக்கு அழக்கூட உரிமை இருப்பதாகத் தெரியவில்லை.

20 அக்டோபர்

அட்டையைப் பார்த்தாலே கண்ணை மேலே தூக்கினார். வேண்டாம் என்கிறாரா, ஓய்ந்துவிட்டாரா? பொறுமையாகக் கேட்டதில் வந்த எழுத்துகள்: டைப் அடுக்கு.

தட்டச்சு மிஷினில் எழுத்துகள் இருக்கும் வரிசையில் வேண்டுமாம்! சிதம்பரத்தில் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் போய்ப் பார்த்து வரைந்து வந்தேன். யளனக என்று ஆரம்பிக்கும் அடுக்கு. முப்பத்தொரு வருஷம் விரலில் இருந்தது இப்போது கண்ணில். எங்கே எந்த எழுத்து என்று பொன்னியின் விரல் தேடுவதற்குள் இவர் பார்வை அங்கே போய் நிற்கிறது. மாலைக்குள் நான்கு வரி. இரண்டு எழுத்துப் பிழையை அவரே திருத்தினார்.

இவரைத்தான் நான் வெறும் ரிஃப்ளெக்ஸ் என்றேன்.

2 நவம்பர்

மன்னிப்புக் கேட்டேன். நன்றாகப் பேசத் தெரிந்தவள் நான், மேடையில் கைதட்டல் வாங்குகிறவள். வந்தது இவ்வளவுதான். “அண்ணி, தப்புப் பண்ணிட்டேன். எனக்குத் தெரியல. நெஜமா தெரியல” என்றேன்.

பொன்னி அட்டையைப் பிடித்தாள். எழுத்தெழுத்தாகப் படித்தாள். கடைசியில் சேர்த்துப் படிக்கத் தயங்கினாள். நானே படித்துக்கொண்டேன்.

அதுன்னு சொன்னே.

3 நவம்பர்

இந்த வருஷப் பக்கங்களை எல்லாம் இன்று படித்தேன். செம்பியனின் புரோகிராமுக்கு ‘அவள்’ என்று போட்டுச் சிரித்திருக்கிறேன். அண்ணிக்கு ‘அது’ போட்டபோது சிரிப்புக்கூட வரவில்லை. கவனிக்கவே இல்லை.

எப்போது மாறியது? போன வருஷ டயரியில் தேடினேன். ஆகஸ்டில் ‘அவர்’. தீபாவளிக்குள் ‘அது’. இரண்டுக்கும் நடுவே எந்த ஆராய்ச்சியும் நான் செய்யவில்லை. களைப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

18 நவம்பர்

கல்லூரி மலரில் என் பேச்சை அச்சுக்குக் கொடுத்திருந்தேன். திருப்பி வாங்கிவிட்டேன். காரணம் கேட்டார்கள். தப்பு இருக்கிறது என்றேன். “எந்தப் பக்கத்துல மேடம்?” என்றார் பதிப்பாசிரியர்.

7 பிப்ரவரி 2010

அண்ணி போய்விட்டார். மஞ்சக்குப்பத்துக்கு, தன் வீட்டுக்கு. மூன்று வாரமாக அட்டையில் ஒரே பேச்சு: என் வீடு. மணவாளன் கெஞ்சிப் பார்த்தார். “இங்க என்னக்கா கொறை?” கண்ணை மூடவும் இல்லை, அவரைப் பார்க்கவும் இல்லை. வெறுமனே சுவரைப் பார்த்தார்.

பொன்னியும் அவள் மகளும் கூடப் போகிறார்கள். ஆம்புலன்ஸில் ஏறுமுன் பொன்னி என்னிடம் வந்தாள். “மேடம், நீங்க இப்போதிக்கு வர வேணாம்னு சொல்றாங்க. சார் வரலாமாம்.”

பீரோவிலிருந்து போன சேலைகளில் பதினொன்றைக் கேட்டு வாங்கியிருந்தேன். மூட்டையாகக் கொடுத்தனுப்பினேன்.

26 மார்ச்

சென்னையில் வேலைக்குச் சேர்ந்துவிட்ட செம்பியன் கல்லூரிக்கு வந்தான். ஜூனியர்களை உட்கார வைத்துத் தோழியைப் பற்றிப் பேசினான். கடைசியில் எல்லார் முன்னாலும் கேட்டான். “மேடம், ஒரு நாள் மெஷினுக்கு நெஜமாவே உணர்வு வந்துடுச்சுன்னா நமக்கு எப்படித் தெரியும்?”

போன வருஷம் என்னிடம் இதற்குப் பத்து பாயின்ட் இருந்தது.

“தெரியாது” என்றேன். “இருநூறு வாக்கியத்துக்கு உணர்வு இல்லைன்னு இப்பவும் நம்பறேன். ஆனா வந்தா கண்டுபிடிச்சிடுவோம்னு சொல்ல மாட்டேன். இல்லைன்னு இருந்தா நமக்கு வேலை மிச்சம்னா, இல்லைன்னுதான் சொல்லுவோம். நான் சொல்லியிருக்கேன்.”

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தன் அதற்கும் சிரித்தான். செம்பியன் சிரிக்கவில்லை. “அன்னிக்கு உங்க வீட்ல பாத்துக்கிற ஒரு அக்கா கதை சொன்னீங்களே மேடம்...” என்று இழுத்தான். அவுங்க சொன்னதுதான் சரி என்று மட்டும் சொன்னேன். முழுசாகச் சொல்ல வாய் வரவில்லை. அந்த ஹாலில் சிரிக்க வைத்தவளுக்கு அதே ஹாலில் உண்மையைச் சொல்லத் தைரியம் இல்லை.

15 ஆகஸ்ட்

மஞ்சக்குப்பம் போனேன். பொன்னி வாசல் கேட்டுக்கு வந்தாள். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். “இன்னிக்கு வேணாமாம் மேடம்.”

12 டிசம்பர்

வேணாமாம்.

8 மே 2011

வேணாமாம். வலது கைச் சுண்டுவிரல் கொஞ்சம் அசைகிறதாம். கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டேன். அந்த வருஷம் மார்ச்சில் பிசியோதெரபியை நான் நிறுத்தாமல் இருந்திருந்தால் இன்னொரு விரலும் வந்திருக்குமோ?

31 டிசம்பர்

நேற்று விடியலில் புயல் கடலூரில்தான் கரையைக் கடந்தது. இங்கேயே கரண்ட் இல்லை, மரங்கள் சாய்ந்து கிடக்கின்றன. பொன்னியின் செல்லுக்கு முப்பது தடவை போட்டுவிட்டேன். சிக்னல் இல்லை. வீடு ஓட்டு வீடு. பழைய ஓடு.

மணவாளன் பள்ளிக்கூட வேலையாக மதுரை போனவர், வர வழியில்லாமல் திருச்சியில் நிற்கிறார்.

2 ஜனவரி 2012

போனேன். ஆலப்பாக்கம் வரை பஸ், அப்புறம் ஒரு பால் வண்டி, கடைசியில் நடை. வழி நெடுக முந்திரி வேரோடு கிடக்கிறது. மஞ்சக்குப்பத்தில் தெருவே அடையாளம் தெரியவில்லை.

வீடு நிற்கிறது. வாசல் பூவரச மரம் முறிந்து கூரையின் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. கிளைகளுக்கு அடியில் குனிந்து பொன்னி வெளியே வந்தாள். “நல்லாருக்கோம் மேடம். அம்மா கட்டில உள் ரூமுக்கு இழுத்துட்டேன். அன்னிக்கு என் பாப்பாதான் பயந்துச்சு. அம்மா பயப்படல.”

கொண்டு போன அரிசி, மெழுகுவத்தி, பால் பவுடர் எல்லாம் கொடுத்தேன். “நான் வந்தேன்னு சொல்லணும்னு இல்ல பொன்னி. பாத்துட்டேன், போறேன்” என்றேன்.

“இருங்க, சொல்லாம எப்டி?” உள்ளே போனாள்.

நேரமாயிற்று. வேண்டாம் என்பதற்கு இவ்வளவு நேரம் ஆகாதே? வெயிலில் நின்றுகொண்டே இருந்தேன். பொன்னி ஒரு நோட்டுக் காகிதத்தோடு வந்தாள். அட்டையில் சொல்லச் சொல்ல அவள் எழுதியது, கோணல்மாணலாக.

மலர். மரம் எடுக்க ஆள் வேணும். கோடாலி வேண்டாம், ஓடு உடையும். ரம்பம். நீயே கூட்டி வா.

3 ஜனவரி

கடலூரில் மரம் அறுக்க ஆளே கிடைக்கவில்லை. எல்லார் வீட்டிலும் மரம் விழுந்திருக்கிறது. சிதம்பரத்தில் மூன்று மரவாடிகளில் கெஞ்சி, இரண்டு பேரைப் பிடித்துவிட்டேன். விடிந்ததும் கிளம்புகிறோம். ரம்பம்தான் எடுத்து வருகிறார்களா என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.